பாட்டுப் பாடினால் சம்பளம் கூடுமா?

(மாதர், வாலிபர் பிரிவுகளுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் சந்தாவைப் பற்றிப் பேசினார்கள். பிறகு சம்பள நிர்ணய சபையைப் பற்றிப் பேசினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டுப் பாட்டைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிட்ட பிறகு நித்திரை வரும், ஆகவே பாட்டைப் போடலாம் என்று நினைத்தார்களோ தெரியாது. ஆனால் நாங்கள் வந்தது நித்திரையைக் கலைக்க மட்டுமல்ல. தோட்டக் கமிட்டிகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழும்புகிறது: “மே தினத்துக்குப் பாட்டு, நாடகம் என்று ஏன் காசைச் செலவழிக்க வேண்டும்? பாட்டுப் பாடினால் சம்பளம் கூடுமா?” நியாயமான கேள்வி. அரைப்பேர் போட்டாலே அந்த வாரம் வீட்டில் சண்டை வரும் நிலையில் இருக்கிறவர்கள் கேட்கிற கேள்வி. அதற்கு வாய்க்கு வந்தபடி பதில் சொல்லக்கூடாது.

அதனால் ஒரு மனிதருடைய கதையைச் சொல்லப் போகிறோம். பெயர் பில்லி பிராக். இங்கிலாந்துக்காரர். பாட்டெழுதிப் பாடுகிறவர். நாற்பது வருடத்துக்கு மேலாகத் தொழிற்சங்க மேடைகளில் நின்று பாடி வருகிறார். அவர் வென்ற இடத்தையும் சொல்வோம், தோற்ற இடத்தையும் சொல்வோம்.

அவர் பிறந்தது 1957 டிசம்பர் மாதம், கிழக்கு லண்டன் பக்கம் பார்க்கிங் என்ற ஊரில். பார்க்கிங் என்றவுடன் வாகனம் நிறுத்தும் இடம் என்று நினைத்துவிடாதீர்கள், ஊரின் பெயரே அதுதான். அடுத்த ஊர் டெகன்ஹாம். அங்கே போர்ட் மோட்டார் கம்பெனியின் பெரிய தொழிற்சாலை இருந்தது. சுற்றுவட்டாரமே தொழிலாளர் குடும்பங்கள்.

அந்தக் காலத்தில் அங்கே பதினொரு வயதில் பிள்ளைகளுக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். பாஸ் பண்ணினவர்கள் நல்ல பாடசாலைக்குப் போவார்கள், அங்கிருந்து பல்கலைக்கழகம். மற்றவர்கள் தொழிலுக்குப் போகிற பிள்ளைகள் என்று ஒதுக்கப்பட்ட பாடசாலைக்கு. பில்லி பிராக் அந்தப் பரீட்சையில் பாஸாகவில்லை. ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் முடிவு வந்த நாளில் எத்தனை வீடுகளில் பிள்ளைகள் அழுகிறார்கள் என்பது படிப்பிக்கிற எங்களுக்கும் தெரியும், பெற்றோராகிய உங்களுக்கும் தெரியும். பரீட்சை ஒரு பிள்ளையின் ஒரு நாளைத்தான் அளக்கிறது. பார்க்கிங்கில் அந்தப் பிள்ளைக்கு அடுத்த வீட்டுக் கூட்டாளி ஒருவன் கிட்டார் சொல்லிக் கொடுத்தான். அதுதான் அவருடைய பல்கலைக்கழகம்.

பிராக்கின் வாழ்க்கையைத் திருப்பிய நாள் 1978 ஏப்ரல் 30. அப்போது இங்கிலாந்தில் வேற்று நாட்டவர்கள் மீது வெறுப்பைக் கிளப்பும் கட்சி ஒன்று வளர்ந்து கொண்டிருந்தது. ஆசிய, கறுப்பின மக்கள் தெருவில் தாக்கப்பட்டார்கள். அதை எதிர்த்து இசைக்காரர்கள் ஓர் இயக்கம் தொடங்கி, லண்டன் டிரபல்கார் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை ஊர்வலமாகப் போய் அங்கே கச்சேரி வைத்தார்கள். எண்பதாயிரம் பேர், ஒரு லட்சம் பேர் என்று சொல்லும் அளவுக்குக் கூட்டம். இருபது வயதுப் பிராக்கும் அதில் நின்றார்.

அந்த நாளைப் பற்றி அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் வேலை செய்த இடத்தில் நிறத்தை வைத்துக் கேலி பேசுவார்களாம். அது பிழை என்று தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாராம். அன்றைக்கு மேடையில் பாடியவர்கள் பெரிய பாட்டுக்காரர்கள்தான். ஆனால் தன்னை மாற்றியது மேடையில் நின்றவர்கள் அல்ல, தன்னைச் சுற்றி நின்ற கூட்டம்தான் என்கிறார். தன்னைப் போல நினைக்கிறவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கண்ணால் கண்ட பிறகுதான், இனி வேலைத்தளத்தில் பேசாமல் இருக்க முடியாது என்று அவருக்குத் தைரியம் வந்தது.

இதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். பாட்டு யாருடைய மனதையும் மந்திரம் போட்டு மாற்றவில்லை. பாட்டு ஆட்களை ஒரே இடத்துக்குக் கொண்டு வந்தது. ஆளை ஆள் பார்த்தார்கள். பயம் விட்டது. எங்கள் லயத்தில் தனித்தனிக் காம்பராவில் இருக்கும்போது வராத தைரியம், பிரட்டுக் களத்தில் ஒன்றாக நிற்கும்போது வருகிறதே, அதே விஷயம்தான்.

அதற்குப் பிறகு அவருக்கு வழி நேராக இருக்கவில்லை. ஆரம்பித்த இசைக்குழு கலைந்தது. 1981இல் பட்டாளத்தில் சேர்ந்தார். மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு, 175 பவுண் கட்டி விலகி வந்தார். பிறகு குழுவும் இல்லை, கூட வாசிப்பவர்களும் இல்லை. தனியாள், ஒரு மின்சாரக் கிட்டார். ஒலிபெருக்கியை முதுகில் கட்டிக்கொண்டு தெருவில் நின்றே பாடியவர். மேடை கிடைக்கவில்லை என்று அவர் காத்திருக்கவில்லை.

1983இல் முதல் இசைத்தட்டு வந்தது. மொத்தம் ஏழு பாட்டு, பதினாறு நிமிடம். அதை வானொலியில் போட வைத்த கதை வேடிக்கையானது. பிபிசி வானொலியில் ஜோன் பீல் என்ற புகழ்பெற்ற அறிவிப்பாளர் இருந்தார். ஒருநாள் அவர் தனக்குப் பசிக்கிறது என்று வானொலியிலேயே சொல்ல, அதைக் கேட்ட பிராக் காளான் பிரியாணி ஒன்றை வாங்கிக்கொண்டு நிலையத்துக்கே ஓடினார். பிரியாணியோடு இசைத்தட்டையும் கொடுத்தார். பீல் அதை அன்றைக்கே போட்டார். ஆனால் தட்டு சுற்ற வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை, பிழையான வேகத்தில் போட்டுவிட்டார்! எப்படியோ நாட்டுக்குக் கேட்டது. அந்தத் தட்டு விற்பனைப் பட்டியலில் முப்பதாவது இடம் வரை வந்தது.

அந்த இசைத்தட்டின் உறையில் ஒரு விஷயம் அச்சடித்திருந்தார்கள். இதற்கு 2 பவுண் 99 பென்ஸுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று. அடுத்த தட்டிலும் அதேபோல 3 பவுண் 99 பென்ஸ் என்று போட்டார். ஏன் இதைச் சொல்கிறோம்? தான் செய்த பொருளுக்கு என்ன விலை என்று செய்தவரே வெளியில் எழுதி வைத்தார். வாங்குகிறவர் தன்னைப் போன்ற தொழிலாளி, அவருடைய பையில் எவ்வளவு இருக்கும் என்று தெரிந்து எழுதினார். பாட்டுகளின் உரிமையையும் கம்பெனிக்கு ஒரேயடியாக எழுதிக் கொடுத்துவிடாமல் தன் கையில் வைத்துக்கொண்டார். 2006இல் இளைஞர்கள் பாட்டுகளை ஏற்றி வந்த மைஸ்பேஸ் என்ற இணையத்தளத்தின் நிபந்தனைகளை வாசித்துப் பார்த்தார். ஏற்றும் பாட்டுகளின் மீது கம்பெனிக்கு அளவுக்கு மீறிய உரிமை போய்விடும் போல எழுதியிருந்தது. தன் பாட்டுகளை எடுத்துவிட்டு வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். கம்பெனி நிபந்தனையைத் திருத்தியது. கையெழுத்துப் போடுவதற்கு முன் சின்ன எழுத்தை வாசியுங்கள் என்று நாங்கள் உங்களுக்குச் சொல்வதும் இதுதான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். 1984 மார்ச் மாதம் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். சம்பளத்துக்காக அல்ல. இருபது சுரங்கங்களை மூடி, இருபதாயிரம் பேரின் வேலையை எடுக்க நிர்வாகம் முடிவு செய்திருந்தது. பிரதமர் மார்கரெட் தட்சர். அந்தப் போராட்டம் ஒரு வருடம் நடந்தது. ஒரு வருடம் சம்பளமில்லாமல் குடும்பம் நடத்துவது என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சுரங்கத் தொழிலாளரின் மனைவிமார் பொதுச் சமையல் நடத்தினார்கள், ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பேசினார்கள்.

பிராக் அந்த வருடம் சுரங்க ஊர்களுக்குப் போய், நிதி சேர்க்கும் மேடைகளில் பாடினார். 1985இல் நான்கு பாட்டுகள் கொண்ட ஒரு சிறிய தட்டை வெளியிட்டு, அதன் வருமானத்தைச் சுரங்கத் தொழிலாளர் நிதிக்குக் கொடுத்தார். அது விற்பனையில் பதினைந்தாவது இடம் வந்தது. அதனால் நாடே பார்க்கும் தொலைக்காட்சி இசை நிகழ்ச்சியில் தனியாளாகக் கிட்டாரோடு நின்று பாடினார்.

அந்தத் தட்டில் இருந்த இரண்டு பாட்டுகளின் பின்னணியைச் சொல்ல வேண்டும். ஒன்று, 1649இல் இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் நிலமில்லாத ஏழைகள் பொதுநிலத்தைக் கொத்திப் பயிரிட்ட கதை. லியோன் ரோசல்சன் என்பவர் எழுதியது. நிலம் எல்லோருக்கும் பொது என்று சொன்ன அந்த மக்களை நிலச்சொந்தக்காரர்கள் விரட்டியடித்தார்கள். முன்னூறு வருடத்துக்கு மேல் கழித்தும் அந்தக் கதை பாட்டில் உயிரோடு இருக்கிறது. ஏழு பேர்ச் காணிக்கு எத்தனை வருடமாக மனு எழுதுகிறோம் என்று யோசித்துக்கொண்டு அந்தக் கதையைக் கேளுங்கள், தூரத்துக் கதையாகத் தெரியாது.

மற்றது, அமெரிக்காவில் கென்டக்கி மாநில ஹார்லன் என்ற சுரங்கப் பகுதியில் பிறந்த பாட்டு. 1931இல் அங்கே வேலைநிறுத்தம். புளோரன்ஸ் ரீஸ் என்ற அம்மாவின் கணவர் சங்கத்தைக் கட்டியவர். அவரைத் தேடி முதலாளிகளுக்கு வேண்டிய பொலிஸ்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டார்கள். கணவர் வீட்டில் இல்லை, பிள்ளைகளோடு அந்த அம்மா மட்டும்தான். அவர்கள் போன பிறகு அவர் சுவரில் தொங்கிய கலண்டரில் ஒரு தாளைக் கிழித்து, தேவாலயத்தில் பாடிய பழைய மெட்டுக்கு வார்த்தைகளை எழுதினார். நீ எந்தப் பக்கம் என்று கேட்கும் பாட்டு அது. அமெரிக்காவில் கலண்டர்த் தாளில் எழுதியதை, ஐம்பது வருடத்துக்கு மேல் கழித்து இங்கிலாந்துச் சுரங்கத் தொழிலாளருக்காகப் பிராக் புது வார்த்தை போட்டுப் பாடினார்.

ஆனால் வேலைநிறுத்தம் என்னவானது? 1985 மார்ச் மாதம் தோல்வியோடு முடிந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பாட்டு சுரங்கத்தைக் காப்பாற்றவில்லை. அதே வருடக் கடைசியில் பிராக்கும் வேறு பாட்டுக்காரர்களும் சேர்ந்து, இளைஞர்களைத் தொழிற்கட்சியின் பக்கம் திருப்ப ‘ரெட் வெட்ஜ்’ என்ற பெயரில் ஊர் ஊராக நிகழ்ச்சி வைத்தார்கள். மண்டபங்கள் நிறைந்தன. 1987 தேர்தலில் தட்சர்தான் மறுபடியும் வென்றார்.

ஆகவே “பாட்டுப் பாடினால் சம்பளம் கூடுமா” என்று கேட்கிறவரிடம், ஆமாம் என்று சொன்னால் நாங்கள் பொய் சொன்னவர்களாவோம். பாட்டு மட்டும் பாடினால் கூடாது. அப்படியென்றால் எதற்கு?

அதே மனிதரின் சொந்த ஊருக்கு வாருங்கள். 2006 உள்ளூராட்சித் தேர்தலில் பார்க்கிங், டெகன்ஹாம் நகரசபையில் வெள்ளையரல்லாதவர்களை வெறுக்கும் கட்சிக்குப் பன்னிரண்டு ஆசனங்கள் கிடைத்தன. பக்கத்து ஈஸ்ட்ஹாம், இல்போர்ட் பகுதிகளில் நம் நாட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்கள் வாழும் வட்டாரம் அது. தன் ஊரின் பெயர் இப்படிக் கெட்டதைப் பிராக்கால் தாங்க முடியவில்லை. நாட்டுப்பற்றை வெறுப்புக்காரர்களுக்கு விட்டுக் கொடுக்கக்கூடாது என்று ஒரு புத்தகமே எழுதினார். 2010 தேர்தல் வந்தபோது தொழிற்சங்கக்காரரும் ஊர்க்காரரும் வீடு வீடாகப் போனார்கள், துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள், வாக்களிக்க அழைத்துப் போனார்கள். பிராக்கும் அங்கே வந்து அந்த வேலையில் நின்றார். முடிவு: அந்தப் பன்னிரண்டு ஆசனங்களும் போயின. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

பாட்டோடு வீடு வீடாகப் போகிற வேலையும் சேர்ந்தபோது வென்றது. கணக்கு அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன வெற்றி. 2007இல் சிறைச்சாலைக் கைதிகளுக்குக் கிட்டார் வாங்கிக் கொடுக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். 2013 கடைசியில் வந்த புதிய சிறைவிதிகளால் கம்பித் தந்தி போட்ட கிட்டாரைக் கைதிகள் வைத்திருக்க முடியாமல் போனது. அவர் மற்ற இசைக்காரர்களைச் சேர்த்து, பாராளுமன்ற உறுப்பினர்களிடம் பேசி, பத்திரிகைகளுக்கு எழுதினார். 2014 நடுப்பகுதியில் தடை எடுக்கப்பட்டது. பெயர் உள்ளவர் தன் பெயரை எதற்குப் பாவிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெயரும் வசதியும் வந்தபோது அவருக்கும் கேள்வி வந்தது. கடற்கரையோரம் நல்ல வீட்டில் இருந்துகொண்டு தொழிலாளியைப் பற்றிப் பாடுகிறாயா என்று எதிர்த்தரப்பினர் கேலி செய்தார்கள். தொழிலாளரின் பெயரில் மேடையேறுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் வேண்டும். எங்கள் சங்கங்களில் உள்ளவர்களும் சேர்த்துத்தான். பிராக் வாயால் சொன்னதை விட, கூப்பிட்ட மறியல் போராட்டத்துக்கு வந்து நின்றதுதான் பதில்.

அவர் வருடக்கணக்காகப் போய்ப் பாடும் ஓர் இடம் டோல்பட்டில். டோர்செட் மாவட்டத்தில் உள்ள சிறு கிராமம். 1833இல் அங்கே ஆறு விவசாயக் கூலிகள், வாரக்கூலியை ஏழு ஷில்லிங்குக்குக் குறைத்து இன்னும் குறைக்கப் பார்த்ததை எதிர்த்துச் சங்கம் சேர்ந்தார்கள். சங்கம் சேர்வது அப்போது சட்டப்படி குற்றமில்லை. அதனால் இரகசியமாகச் சத்தியம் செய்தார்கள் என்று வேறொரு சட்டத்தைத் தேடிப் பிடித்து, ஏழு வருடத்துக்கு அவுஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்கள். தொழிலாளர் லண்டனில் பெரும் ஊர்வலம் போனார்கள், மனுக்களில் கையெழுத்துச் சேர்த்தார்கள். 1836இல் மன்னிப்பு வந்தது, பிறகு திரும்பி வந்தார்கள். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் சங்கங்கள் தங்கள் கொடிகளோடு அங்கே கூடுகின்றன. பாட்டும் கொடியும் இல்லாவிட்டால் அந்த ஆறு பேரை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்?

மாதர் அணிக்கு ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. பிராக்கின் ஊருக்குப் பக்கத்து டெகன்ஹாம் போர்ட் தொழிற்சாலையைச் சொன்னோமே, அங்கே 1968 ஜூன் மாதம் 187 பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கார் ஆசனங்களுக்கு உறை தைக்கிறவர்கள். அவர்கள் செய்வது குறைந்த திறமை தேவைப்படும் வேலை என்று கம்பெனி தரம் பிரித்தது. அந்தத் தரத்திலும் ஆண்களின் சம்பளத்தில் நூற்றுக்கு 85 வீதம்தான் பெண்களுக்கு. உறை இல்லாமல் ஆசனம் இல்லை, ஆசனம் இல்லாமல் கார் இல்லை. தொழிற்சாலை நின்றது. மூன்று வாரத்தில் 92 வீதமாக உயர்ந்தது. 1970இல் சம சம்பளச் சட்டம் வந்தது. ஆனால் தைப்பது திறமையான வேலை என்று கம்பெனி ஒத்துக்கொள்ள 1984இல் இன்னொரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டது. இந்தக் கதையைப் பற்றிப் பின்னாளில் எடுத்த திரைப்படத்தின் பாட்டுக்கு வரிகள் எழுதியவர் பிராக்தான். இரண்டு இலையும் ஒரு மொட்டும் பார்த்துக் கிள்ளும் விரலுக்குத் திறமை தேவையில்லை என்று சொல்கிறவர் ஒருநாள் மலைக்கு வந்து கூடையைக் கட்டிப் பார்க்கட்டும்.

1986இல் பிராக், சங்கத்தில் பலம் உண்டு என்ற தலைப்பில் ஒரு பாட்டு வெளியிட்டார். அதன் மெட்டு அவருடையதல்ல, அமெரிக்க உள்நாட்டு யுத்தகாலப் பாட்டொன்றின் மெட்டு. தலைப்பும் அவருடையதல்ல, 1913இல் ஜோ ஹில் என்ற தொழிலாளர் பாட்டுக்காரர் அதே தலைப்பில் எழுதியிருந்தார். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, புதிய வார்த்தை. ஏன்? முதல் தடவையே கூட்டம் சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காக.

இது எங்களுக்கும் புதிதல்ல. கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டிய காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சியம்மாள் தாமே பாட்டெழுதிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அவை சிறு நூலாகவும் வந்தன. வாசிக்கத் தெரியாதவர்களிடம் கோரிக்கையைக் கொண்டு போன துண்டுப் பிரசுரம் அந்தப் பாட்டுத்தான். சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தேடிச் சேர்த்து வைத்தார். அவர் சேர்க்காமல் விட்டது இன்னும் உங்கள் லயங்களில் பாட்டிமாரின் தொண்டையில் இருக்கிறது. தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து மலையில் பாடியது, கங்காணியைத் திட்டிப் பாடியது. அந்த ஆட்கள் போனால் அதுவும் போய்விடும்.

ஆகவே கமிட்டியில் கேள்வி எழும்பினால் இப்படிச் சொல்லுங்கள். பாட்டு சந்தாவுக்குப் பதிலல்ல. கூட்டத்துக்குப் பதிலல்ல. பேச்சுவார்த்தைக்குப் போகிறவர் கையில் இருக்க வேண்டிய கணக்குக்குப் பதிலல்ல. ஆனால் போராட்டம் நீளும்போது பாட்டு ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும், நிதி சேர்க்கும், வெளியூரில் உள்ளவருக்குக் கதையைச் சொல்லும், தோற்றாலும் அடுத்த தலைமுறைக்கு ஞாபகத்தைக் கொடுக்கும். வாடகை ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டைப் போட்டால் இதில் ஒன்றும் நடக்காது.

எங்களுடைய கோரிக்கை ஒன்றுதான். அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒவ்வொரு டிவிசனும் ஒரு பாட்டைக் கொண்டு வரவேண்டும். பழையதாக இருக்கட்டும், தெரிந்த மெட்டுக்கு நீங்களே கட்டிய புதியதாக இருக்கட்டும். பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். யார் பாடியது, எந்தத் தோட்டம், எந்த வேலை செய்யும்போது பாடுவது என்பதையும் கீழே குறிக்கச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்துகிற வேலையை எங்களிடம் விடுங்கள், அது எங்கள் தொழில். வார்த்தை உங்களுடையதாக இருக்க வேண்டும். கொப்பி இல்லாத வீட்டில் கலண்டர் இருக்கும். ஒரு தாள் போதும்.